ஹார்வுட் கப்பலில் இறந்த பதின்மூன்று பேர்

சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் ஆற்றோரமாக இருக்கும் அந்த முதியோர் இல்லத்தில் தீ எச்சரிக்கை மணி மாதம் ஒருமுறையாவது வீணாக அடிக்கும். யாராவது பாண் துண்டைச் சூடாக்கப் போய்க் கருக்கியிருப்பார்கள். ஆனால் 2022 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மணி அடித்தபோது, இரண்டாம் மாடியில் உண்மையாகவே புகை வந்துகொண்டிருந்தது. நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் பற்றிக்கொண்டுவிட்டது. அழுக்குத் துணி போடும் குழாய் வழியாகப் புகை நேரே மேலே ஏறியது.

அன்று அந்த மாடியில் கடமையில் இருந்தவர் இந்திரா. வயது ஐம்பத்து நான்கு. தொண்ணூற்று மூன்றில் பருத்தித்துறையிலிருந்து வந்து, ஃப்ரிபூர்க்கில் ஒரு ஹோட்டலில் எட்டு வருடம் கோப்பை கழுவி, ஜெர்மன் சோதனையில் இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் தேறி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பராமரிப்புப் பயிற்சி முடித்து இந்த வேலைக்கு வந்தவர். பத்தொன்பது வருட அனுபவம். மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். நடமாடக்கூடியவர்களைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். நடைபாதை நடுவில் இருக்கும் தீத்தடுப்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அதற்கு அப்பால் படுக்கையோடு கிடக்கும் ஆறு பேரும் அந்தக் கதவின் பாதுகாப்பிலேயே இருப்பார்கள்.

கதவு சாத்தவில்லை. அதன் நடுவே ஒரு சக்கர நாற்காலி குறுக்காக நின்றது. அதில் ரொனால்ட் ஹேய்ஸ் இருந்தார். தொண்ணூற்றாறு வயது ஆங்கிலேயர். இந்த ஆர்காவ் மாநிலத்துப் பெண் ஒருத்தியைக் கட்டி, இங்கேயே ஒரு தொழிற்சாலையில் பொருத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில நாட்களில் நல்ல தெளிவாக இருப்பார். சில நாட்களில் தன் மனைவி பெயரே தெரியாது. அன்று இரண்டு கைகளாலும் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியைக் கீழே செருகிவிட்டு, ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"மூடாதே! உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்! மூடாதே!"

புகை அவரைத் தாண்டி அந்த ஆறு பேரின் அறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. படிக்கட்டில் இருந்து மாடிப் பொறுப்பாளர் ஹுன்ட்சிக்கர் அம்மா, "இந்திரா, கதவு! கதவைச் சாத்துங்கள்!" என்று கூவினார். இந்திரா நாற்காலியை இழுத்தார். அது அசையவில்லை. விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அந்த வயதில் அப்படி ஒரு பிடி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. உள்ளே யாரோ இருமத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. ஹேய்ஸ் கூப்பிட்டது ஆங்கிலச் சொல் அல்ல.

"டம்பி! டம்பி!"

இந்திரா விரல்களைப் பிரிப்பதை விட்டார். பிறகு, ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது, குனிந்து அவருடைய காதுக்குள் தமிழிலேயே சொன்னார். "தம்பிமார் வெளியால வந்திட்டினம். ரெண்டு பேரும் வந்திட்டினம். விடுங்கோ, ஐயா."

கிழவரின் கைகள் தளர்ந்தன. இந்திரா கைத்தடியைப் பிடுங்கிவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். கதவு சாத்திக்கொண்டது.

தீயணைப்புப் படை ஒன்பது நிமிடத்தில் வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

*

மூன்று நாள் கழித்து, காலையில் முகம் கழுவிவிடும்போது ஹேய்ஸ் தெளிவாக இருந்தார். ஜெர்மனில்தான் பேசினார்.

"அன்றைக்கு என் காதில் பேசியது நீங்களா, இந்திரா?"

"ஓம், நான்தான்."

"தமிழா அது?"

"தமிழ்தான்."

"என்ன சொன்னீர்கள்?"

இந்திரா சொன்னார். ஹேய்ஸ் அவருடைய கையை முகத்திலிருந்து விலக்கினார்.

"அது பொய்" என்றார். "அவர்கள் வரவில்லை. கதவை மூடியவன் நான்."

அடுத்த நாள் மேசை லாச்சியைத் திறக்கச் சொல்லி, ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். இங்கிலாந்தில், அவர் வேலை செய்த போர்க்கப்பலின் பழைய ஆட்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கம் அச்சிட்டது. ஹார்வுட் என்ற நாசகாரிக் கப்பலின் சேவை வரலாறு, இருபது பக்கம். இந்திராவின் ஆங்கிலம் அவ்வளவுக்குப் போதாது. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தார். சாருஜா இங்கே பிறந்தவள், இருபத்தாறு வயது, காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை கோப்பி குடித்தபடி, அவள் வாசித்து வாசித்துத் தாய்க்குச் சொன்னாள்.

கப்பல் 1942 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டி முடிக்கப்பட்டது. முதல் மாரிக்குளிரில் ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல்களுக்குக் காவலாகப் போனது. தளத்தில் படிந்த பனிக்கட்டியைக் கோடரியால் வெட்டாவிட்டால் பாரத்திலேயே கவிழ்ந்திருக்கும். பிறகு மத்தியதரைக் கடல். 1944 ஆகஸ்ட்டில் திருகோணமலை. ஹேய்ஸ் அங்கேதான் பதினெட்டு வயதில் கப்பலில் சேர்ந்தார். அங்கிருந்து வங்காள விரிகுடாவில் ரோந்து, அந்தமானுக்கு ஒரு பயணம், 1945 ஜனவரியில் பர்மாக் கரை. பதினேழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: கரையிறங்கிய படைகளுக்குத் துணையாகச் சுட்டுக்கொண்டிருந்தபோது விமானத் தாக்குதல். பின்பகுதியில் ஒரு குண்டு. தீ பரவாமல் தடுக்கப்பட்டது. பதினொருவர் இறந்தனர். கப்பல் தன் சொந்த வலுவிலேயே திருகோணமலை திரும்பியது.

பதினொரு பெயர்களும் வரிசையாக இருந்தன. எல்லாம் ஆங்கிலப் பெயர்கள்.

"இதில எங்கட ஆக்கள் ஆரும் இல்லையே, அம்மா" என்றாள் சாருஜா.

*

மீதிக் கதையை ஹேய்ஸ் இரண்டு வாரத்தில் துண்டு துண்டாகச் சொன்னார். தெளிவான நேரங்கள் வருவதும் போவதுமாக இருந்ததால் இந்திரா கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார்.

திருகோணமலையில் இருந்த கப்பல்களில் உடுப்புத் தோய்க்க உள்ளூர் ஆட்களை ஏற்றிக்கொள்வது வழக்கமாம். படையில் பதிவு இல்லை. கப்பல்காரர் தாங்களாகவே அமர்த்திக்கொள்வார்கள். ஹார்வுட்டில் அப்படி இரண்டு பேர். இருவரையும் எல்லோரும் 'டம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டை தொடங்கினால் மற்ற எல்லோருக்கும் நிற்க ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு மட்டும் இல்லை. பின்பக்கம் கீழ்த்தளத்தில் இருந்த தங்கள் தோய்க்கும் அறைக்குள்ளேயே போய் இருந்துவிட்டார்கள்.

குண்டு விழுந்ததும் அந்தப் பகுதி பற்றி எரிந்தது. பக்கத்தில் பீரங்கிக் குண்டுகள் அடுக்கியிருந்த அறை. தீ அங்கே போனால் கப்பலே போய்விடும், நூற்றெழுபது பேரோடு. கீழே இறங்கும் வாயிலின் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் நின்றவர் ஹேய்ஸ். மூடச் சொல்லி அதிகாரி கத்தினார். மூடினார். கொளுக்கிகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார்.

"உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" இந்திரா ஜெர்மனில்தான் கேட்டார். இந்தக் கதையை எழுதும் எனக்குச் சொல்லும்போது தன் தமிழில் அப்படிச் சொன்னார்.

"மூடும்போது தெரியாது."

"பிறகு?"

"தட்டினார்கள்."

"எவ்வளவு நேரம்?"

"நான்கு நிமிடம். ஐந்தாகவும் இருக்கலாம். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தீயை அணைக்க உள்ளே கடல்நீரைத் திறந்துவிட்டார்கள்."

இந்திரா கையில் இருந்த சவரக் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தார். முகத்தில் பாதி சவர்க்கார நுரையோடு கிழவர் உள்ளேயே இருந்தார். இந்திரா தாதியர் அறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் கை கழுவினார். கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை. தொண்ணூறாம் ஆண்டு கடலுக்குப் போன அவருடைய அண்ணன் தயாபரன் திரும்பி வரவே இல்லை. படகும் கிடைக்கவில்லை. இறந்தவர்களின் எத்தனையோ பட்டியல்களில் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறார். இருந்தால் அழலாம், இல்லையென்றால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்ததே இல்லை.

ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போய் மிச்சச் சவரத்தை முடித்தார்.

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"எழுபத்தொன்பதில் சங்கத்துக்கு எழுதினேன். பதிவேட்டில் இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது, பெயர் இருந்தால் அனுப்பு என்றார்கள்." பக்கத்தில் இருந்த சிறு பெட்டியை மடியில் எடுத்து வைத்தார். "பெயர் என்னிடம் இருந்தது. வாசிக்கத் தெரியாது."

பெட்டிக்குள் இருந்து ஒரு படம் எடுத்தார். 1944 டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குத் தளத்தில் நின்று எடுத்தது. பின்பக்கம் கூட்டாளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தனை ஆங்கிலக் கையெழுத்துகளுக்கும் கீழே, ஊதா மையில், நிதானமாக, ஒரு வரி தமிழில் இருந்தது.

க. தம்பித்துரை, நிலாவெளி.

இந்திரா வாய்விட்டு வாசித்தார். ஹேய்ஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வருடக்கணக்காக இந்த இல்லத்தில் தமிழ்ப் பெண்கள் அவருக்குச் சாப்பாடு கொடுத்து, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி வந்திருக்கிறார்கள். ஒருவரிடமும் அவர் அந்தப் படத்தைக் காட்டவில்லை.

"காட்டினால் வாசித்துவிடுவீர்கள்" என்றார். "பயம்."

மற்றவரின் பெயர் அவருக்கும் தெரியாது. படம் எடுத்த அன்று அந்த மற்றவர் கரைக்குப் போயிருந்தாராம்.

*

சாருஜா சங்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். பழைய ஆட்களில் உயிரோடு இருந்தவர் ஹேய்ஸ் ஒருவர்தான். சங்கத்தை இப்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்துகிறார்கள். வரலாற்றைப் பார்த்துக்கொள்பவர் மரியாதையாகப் பதில் எழுதினார். படத்தின் பிரதி கிடைத்தது, நன்றி. ஆனால் படத்தில் ஒரு கையெழுத்து இருப்பதால் அந்த மனிதர் அந்த நாளில் அங்கே இறந்தார் என்று ஆகாது. நேரில் கண்டவரின் வாக்குமூலம், நொத்தாரிசு என்ற சட்டச் சான்று அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டது, இருந்தால் சேர்ப்போம். செப்டெம்பரில் புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது.

அப்போது மே மாதம். ஹேய்ஸ் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். தெளிவான நாட்கள் வாரத்தில் இரண்டாகிவிட்டன.

இந்த நேரத்தில்தான், விஷயத்தைக் கேள்விப்பட்டு, மகன் வந்தார். பீட்டர் ஹேய்ஸ், அறுபத்து மூன்று வயது, ஜெனீவாவில் ஒரு சர்வதேச நிறுவனத்தில் வேலை. இந்திராவைச் சந்திப்பு அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹுன்ட்சிக்கர் அம்மாவும் இருந்தார்.

"என் தகப்பனை என்ன செய்யப் பார்க்கிறீர்கள்?" என்று பீட்டர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "பாதி நாள் தான் எங்கே இருக்கிறேன் என்றே அவருக்குத் தெரியாது. அவரைக் கொண்டு, நான் இரண்டு பேரைக் கொன்றேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் போகிறீர்களா?"

"அவர்தான் கேட்கிறார்."

"அவர் போன வாரம் என்னை அதிகாரி என்று நினைத்துச் சல்யூட் அடித்தார்."

"தெளிவாக இருக்கிறபோது கேட்கிறார், திரு ஹேய்ஸ்."

"அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த பையன். எங்கள் அம்மாவுக்கே இதைச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னார். ஏன்?"

இந்திரா எழுந்து மாடிக்கு வேலைக்குப் போனார்.

ஹுன்ட்சிக்கர் அம்மா கெட்டவர் அல்ல. ஆனால் விதி விதிதான். இல்லத்தில் இருப்பவர்களின் சட்ட விவகாரங்களில் ஊழியர்கள் தலையிடக் கூடாது. எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. இரண்டாவது வந்தால் வேலை போகும். கணவர் குலேந்திரனுக்கு முதுகு வலியால் பாதி நேர வேலைதான். வீட்டில் அவர், "நீர் செய்ய வேண்டியதைச் செய்திட்டீர், இனி விடும்" என்றார். சாருஜா, "அம்மா, இனி நீங்கள் ஒண்டிலயும் தலையிட வேண்டாம். நான் எழுதுறன். நான் அங்க வேலை செய்யேல்லைத்தானே" என்றாள்.

ஆனாலும் மகன் சம்மதிக்காமல் நொத்தாரிசைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் ஹேய்ஸ் சுயநினைவோடு இருக்க வேண்டும்.

பாதையைத் திறந்தவர் ஹேய்ஸேதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பீட்டர் பக்கத்தில் இருக்க, இந்திரா சூப் ஊட்டிக்கொண்டிருந்தார். கிழவர் கரண்டியைத் தள்ளிவிட்டு மகனை ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இந்திராவுக்கு விளங்கும் அளவுக்கு மெதுவாகப் பேசினார்.

"பீட்டர், நீ பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று அம்மா எப்போதும் குறை சொல்வாள். தெரியுமா?"

"தெரியும், அப்பா. தண்ணி போட்டுவிட்டு எங்கோ விழுந்து கிடந்தீர்கள் என்பாள்."

"வந்தேன். அவளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவை மூடினார்கள். உள்ளே இருந்து அவள் கத்தினாள். நான் ஓடிவிட்டேன்."

பீட்டர் எழுந்து யன்னலருகே போய் நின்றார். திரும்பாமலேயே, "நொத்தாரிசு எப்போது வரலாம்?" என்று இந்திராவிடம் ஜெர்மனில் கேட்டார்.

*

முதல் தடவை ஜூன் பதினான்காம் திகதி. நொத்தாரிசு ஓர் இளம் பெண். மடிக்கணினியைத் திறந்து முதல் கேள்வி கேட்டாள். இன்றைக்கு என்ன கிழமை? ஹேய்ஸ் அவளையே பார்த்தார். பிறகு வெளியே நடைபாதையில் உணவுத் தட்டு வண்டி எதிலோ மோதி டங்கென்று சத்தம் வந்தது. கிழவர் கட்டிலில் இருந்து இறங்கப் பார்த்தார். "தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள்" என்று அலறினார். பீட்டர்தான் அவரைக் கட்டிப்பிடித்துப் படுக்கவைத்தார். நொத்தாரிசு கணினியை மூடிவிட்டு எழுந்தாள். இந்த நிலையில் எதுவும் செல்லாது என்றாள்.

ஜூலை முதல் வாரத்தில் மருத்துவர் மகனிடம் தனியாகப் பேசினார். இனி நாட்கணக்குத்தான்.

இரண்டாம் தடவைக்கு நேரம் குறிக்கவில்லை. தெளிவாக இருக்கும்போது அழைத்தால் இருபது நிமிடத்தில் வருவதாக நொத்தாரிசு சொல்லியிருந்தாள். ஜூலை ஏழு, வியாழன், காலை பத்து மணிக்கு இந்திரா உள்ளே போனபோது ஹேய்ஸ் கண் திறந்திருந்தார். "இன்றைக்கு வியாழன்" என்று தானாகவே சொன்னார். "கூப்பிடுங்கள்."

இந்திராவின் கையில் இல்லத்தின் தொலைபேசி இருந்தது. அழைத்தால் அது இரண்டாவது தலையீடு. பீட்டர் ஜெனீவாவில் இருந்து வரும் ரயிலில், இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கிழவரின் தெளிவு ஒரு மணி நேரம் நிற்காது. இந்திரா நேரே ஹுன்ட்சிக்கர் அம்மாவின் அறைக்குப் போனார்.

"நான் நொத்தாரிசுக்கு எடுக்கப் போறன். வேலையை விட்டு நிப்பாட்டுறதெண்டால் பிறகு நிப்பாட்டுங்கோ."

ஹுன்ட்சிக்கர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்து, இலக்கத்தைக் கேட்டு, தானே அழைத்தார்.

வாக்குமூலம் பதினெட்டு நிமிடம் எடுத்தது. பீட்டர் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில், ரயிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நொத்தாரிசு ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்ப வாசித்தாள். மூடியது யார்? நான். கட்டளை இருந்ததா? இருந்தது. உள்ளே ஆட்கள் இருப்பது எப்படித் தெரியும்? தட்டினார்கள். இந்திரா தண்ணீர்க் கோப்பையை நீட்டினார். கிழவர் வேண்டாம் என்று தலையசைத்தார். எத்தனை பேர்? இரண்டு. எப்படி நிச்சயம்? திருகோணமலையில் திறந்தபோது நான் அங்கே நின்றேன். நான்தான் திறந்தேன்.

அதை அவர் அதுவரை இந்திராவிடமும் சொல்லியிருக்கவில்லை.

கையெழுத்துப் போடும்போது பேனா மூன்று தரம் நழுவியது. நாலாவது தரம் போட்டார்.

பீட்டர் வந்து சேர்ந்தபோது தகப்பன் தூங்கிவிட்டிருந்தார். பதினொரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மகன் பக்கத்தில் இருக்க ஹேய்ஸ் இறந்தார். இந்திராவுக்கு அன்று விடுமுறை.

*

புதிய பதிப்பு ஒக்டோபரில் வந்தது. பதினேழாம் பக்கத்தில் 'பதின்மூவர் இறந்தனர்' என்று இருக்கிறது. பெயர்ப் பட்டியலின் கீழே, அகரவரிசைப்படி அல்லாமல் கடைசியாக, க. தம்பித்துரை, நிலாவெளி, இலங்கை. அதற்குக் கீழே: உடன் இறந்த இன்னொருவர், பெயர் அறியப்படவில்லை. அடிக்குறிப்பில் ஹேய்ஸின் வாக்குமூலம் முழுதாக இருக்கிறது. வெட்டாமல் போட வேண்டும் என்று பீட்டர் கேட்டுக்கொண்டாராம்.

சங்கத்தின் வருடாந்த நினைவுக் கூட்டத்துக்கு முதல் நாள் பீட்டர் இந்திராவுக்கு அழைத்தார். பெயர்களை வாசிக்கும் பொறுப்பு அவருடையது. "எப்படிச் சொல்வது என்று சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டார். இந்திரா அப்போது ஆராவ் நிலையத்தில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தார். சனங்கள் திரும்பிப் பார்க்க, எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார். பீட்டருக்கு 'த்து' சரியாக வர ஏழெட்டுத் தரம் எடுத்தது.

எச்சரிக்கைக் கடிதம் இன்னும் இந்திராவின் கோப்பில்தான் இருக்கிறது. ஹுன்ட்சிக்கர் அம்மா அதை எடுக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. நிலாவெளியில் தம்பித்துரையின் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று சாருஜா அங்கே கோயில் நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் எழுதினாள். கோயிலில் இருந்து பதில் இல்லை. கிராம சேவகர், அந்தப் பெயரில் அந்தக் காலத்தில் மூன்று குடும்பம் இருந்ததாகவும், விசாரித்துப் பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறார். இந்திரா அவருக்கு இன்னொரு கடிதம் போட்டிருக்கிறார். அதில், உடன் போன கூட்டாளியின் பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதையும் எழுதும்படி கேட்டிருக்கிறார்.